இனிப்பு கடைசியில்

கிரீச், கிரீச்.

தூக்குவாளியின் கம்பிப்பிடி அதன் காதில் உரசுகிற சத்தம் அது. உள்ளே கனம் இருந்தால்தான் பிடி அப்படி முனகும். காலி வாளி முனகாது. அதன் மூடிதான் கடகடவென்று ஆடும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே காது கொஞ்சம் கூர்மை. கல்லூரியில் தமிழ் படித்தபோது எங்கள் பேராசிரியை சொல்வார், உன் கண்ணை விட உன் காதுதான் அதிகம் படித்திருக்கிறது என்று. அந்தக் கிரீச் சத்தம் ஒரு மார்கழி மத்தியானம் எட்டாம் வகுப்பு வராந்தாவில் கேட்டது. எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் தெருவில் யாராவது தூக்குவாளியோடு போனால், கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு நின்றுவிடுகிறேன்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் மடியில் இருக்கிற அந்தப் பை. வண்ணத்தாள்தானே? ஜிகினா, பலூன், பஞ்சு. மேலே மடித்து வைத்திருப்பது நட்சத்திரம். பை சரசரவென்றதுமே தெரிந்துவிட்டது, பள்ளிக்கூடத்துக்கு என்று. வீட்டுக்கு வாங்குகிறவர்கள் இவ்வளவு பஞ்சு வாங்க மாட்டார்கள். எந்த வகுப்பு? ஐந்தாவதா. நல்லது. சின்னப் பிள்ளைகள். இன்னும் எதுவும் தெரியாது.

கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்து உட்காருங்கள், வெயில் அடிக்கிறது. இந்தாருங்கள், கடலைமிட்டாய். கோவில்பட்டியில் பஸ் ஏறும்போது வாங்கினேன். நான் நன்றாகச் சாப்பிடுவேன். இந்த வயதிலும் எனக்குச் சர்க்கரை கிடையாது. ஒருநாளும் இருந்ததில்லை. கர்த்தருடைய கிருபை. வேண்டாமா? சரி, பையில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு சாப்பிடலாம்.

உங்களுக்குச் சொந்த ஊர் எது? ஓ. ஊரில் எந்தப் பக்கம்? அப்பா என்ன செய்கிறார்? சும்மாதான் கேட்டேன். தெரிந்தவர்களாக இருக்கலாம் இல்லையா.

நான் சொல்ல வந்தது வேறு. வகுப்பில் கிறிஸ்துமஸ் வைப்பது லேசான காரியம் இல்லை. பஞ்சும் ஜிகினாவும் வாங்குவது பெரிதில்லை. நான் காசே இல்லாமல் வைத்தேன். அதைப் போல எளிமையாக இந்தச் சீமையில் யாரும் வைத்திருக்க மாட்டார்கள். அப்படியும் என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

எங்கள் ஊர் மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் தமிழ் டீச்சர். அரையாண்டுப் பரீட்சை முடிகிற அன்று ஒவ்வொரு வகுப்பிலும் பார்ட்டி வைப்பார்கள். நான் வைத்ததற்கு முந்தின வருஷம் எண்ணெய் மில்காரர் மகள் பியூலாவின் வீட்டிலிருந்து வகுப்புக்குக் கேக் வந்தது. தட்டு அகலத்துக்கு, மேலே ரோஜாப்பூ எல்லாம் வைத்து. அவள் தனக்கு வேண்டியவர்களுக்கு மட்டும் வெட்டிக் கொடுத்துவிட்டாள். மற்றவர்கள் விரலைச் சப்பிக்கொண்டு நின்றார்கள். மறுநாள் வாசலில் தகப்பன்மார் சண்டை. தலைமையாசிரியை ராஜரத்தினம் அக்கா பார்ட்டியே வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள்.

நான்தான் போய்க் கேட்டேன்.

"எதுக்கு, நேசம், உனக்கு இந்த வேலை? கோயில்ல ஆராதனை இருக்கு. அது போதாதா?"

"ஒரு காசு செலவில்லாமல் செய்து காட்டுகிறேன் அக்கா. கேக் கிடையாது. கடையில் வாங்குகிற எதுவும் கிடையாது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும்."

"ஒரே பந்தி." அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். "ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் இருக்கே உன் வகுப்பிலே."

"அதுகளும்தான்."

"பார்த்துக்கோ. ஒரு புகார் வந்தாலும், அப்புறம் இந்தப் பள்ளிக்கூடத்திலே பார்ட்டி என்கிற பேச்சே கிடையாது."

எங்கள் ஊரை ரயில்பாதை இரண்டாக அறுத்துப் போட்டிருக்கிறது. இந்தப் பக்கம் கோயில், பள்ளிக்கூடம், எண்ணெய் மில், கடைத்தெரு. கேட்டுக்கு அந்தப் பக்கம் பேரூராட்சியில் துப்புரவு வேலை பார்க்கிறவர்கள். ஜாதிப் பெயர் சொல்வது எனக்குப் பிடிக்காது. என் வாயால் நான் ஒருநாளும் சொன்னதில்லை. என் தகப்பனார் சபை ஊழியர். எங்களை அப்படி வளர்த்தார். கேட்டுக்கு அந்தப் பக்கம் என்றுதான் சொல்வேன்.

சரி, எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன். உங்களுக்கும் உதவும்.

நட்சத்திரத்துக்கு ஈர்க்குச்சியும் பழைய விடைத்தாளும். ஈர்க்குச்சியை நூலால் கட்டி, விடைத்தாளை ஒட்டி, பீட்ரூட் சாற்றில் ஒரு முக்கு. உள்ளே விளக்கு வைத்தால் பிள்ளைகளின் கையெழுத்து வெளிச்சத்தில் தெரியும். யாரோ எழுதிய மன்னர் வரலாறு, யாரோ போட்ட தப்புக் கணக்கு. எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா. மரத்துக்கு என்ன செய்வது என்று யோசித்தோம். எங்கள் ஊரில் சவுக்கு கிடையாது. அப்போது எப்சிபா என்று ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், உடைமரக் கொப்பு வைக்கலாம்" என்றாள். "நூலே வேண்டாம் டீச்சர். முள்ளுலயே எல்லாத்தையும் குத்தி வச்சிரலாம்."

கேட்டுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளை. ஒல்லியாக, பல் கொஞ்சம் எடுப்பாக. வாய் அதிகம். ஆனால் கட்டுரை எழுதினால் வாசித்துக்கொண்டே இருக்கலாம். ஒரு தடவை மழையைப் பற்றி எழுதச் சொன்னேன். எங்கள் வீட்டுக் கூரையில் மழை பெய்யும்போது அம்மா சத்தம் போட்டுப் பேசுவாள், நின்ற பிறகும் கொஞ்ச நேரம் சத்தமாகவே பேசுவாள் என்று எழுதியிருந்தாள். அதை நான் ஆசிரியர் அறையில் வாசித்துக் காட்டினேன்.

முள்கொப்பு நன்றாகத்தான் இருந்தது. மாத்திரை அட்டைத் தாள், முட்டை ஓடு, கடைப் பஞ்சுக்குப் பதில் இலவங்காய்ப் பஞ்சு. வகுப்புக்கு வந்து பார்த்தவர்கள் எல்லாரும், இது யார் யோசனை என்று கேட்டார்கள். நாங்கள் சேர்ந்து யோசித்தது என்று சொன்னேன்.

சாப்பாடுதான் கஷ்டம். நான் நினைத்தது இது: ஆளுக்கு ஒரு பொருள் வீட்டிலிருந்து. யார் எதைக் கொண்டுவருவது என்று டீச்சர் சொல்லக் கூடாது. சொன்னால் பாரபட்சம் என்பார்கள். எங்கள் சபையில் ஒரு முடிவுக்கு வர முடியாவிட்டால் ஜெபம் பண்ணிவிட்டுச் சீட்டுப் போடுவது வழக்கம். சீட்டில் வந்தது கர்த்தர் சொன்னது. அதற்குமேல் யாரும் பேச மாட்டார்கள். அதே மாதிரி வகுப்பிலும் ஜெபம் பண்ணிச் சீட்டுப் போட்டோம்.

இரண்டு சாக்பீஸ் டப்பா வைத்தேன். ஒன்றில் சாப்பாட்டுச் சாமான்: புளிச்சோறு, சுண்டல், முறுக்கு, முந்திரிக்கொத்து, இப்படி. இன்னொன்றில் மற்றவை: வாழையிலை, மணல், வைக்கோல், தென்னங்கீற்று. எல்லாம் கிறிஸ்துமஸ் குடிலுக்கும் பந்திக்கும் வேண்டியவைதான். கேட்டுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வந்தபோது இரண்டாவது டப்பாவை நீட்டினேன். ஏன் என்றால், பாவம், சமைத்துக் கொண்டுவருவது என்றால் அவர்களுக்குச் சிரமம். கூலி வேலைக்குப் போகிறவர்கள். விடியும் முன்னே துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவள் எப்போது முறுக்குச் சுடுவாள்? சிரமம் கொடுக்கக் கூடாது என்றுதான். யாரும் கவனிக்கக்கூட இல்லை. அவ்வளவு நாசூக்காகச் செய்தேன்.

எப்சிபா வைக்கோல் எடுத்தாள். சீட்டைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள்.

"டீச்சர், நான் அந்த டப்பாவுல எடுக்கட்டுமா?"

"உனக்கு எதுக்குட்டி சிரமம்?"

"சிரமமில்ல டீச்சர். எங்கம்மா நல்லாப் பாயசம் வைப்பாக."

பின்னாலிருந்து பியூலா, "வைக்கோலே போதும்ட்டி. குடில்ல மாடு பசியா இருக்கும்லா" என்றாள். வகுப்பு சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளைகள் வாய் அப்படி.

எப்சிபா திரும்பி, "வைக்கோலு நான் கொண்டாறேன். மாடு சாணி போட்டா நீ அள்ளு" என்றாள்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. பியூலாவின் முகம் சுருங்கிப் போயிற்று. நான் எப்சிபாவைப் பியூலாவிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். கேட்டாள். பண்டிகைச் சமயத்தில் பிள்ளைகளுக்குள் மனக்கசப்பு இருக்கக் கூடாது இல்லையா.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் எப்சிபாவின் அம்மா பூரணம் நின்றுகொண்டிருந்தாள். அந்தத் தெரு அவளுடைய பொறுப்பு. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளியே நின்று பேசினாள்.

"டீச்சர், பார்ட்டி வைக்கீகளாமே. எல்லாரும் ஒண்ணா உக்காந்துதான் சாப்பிடுவாகளா?"

"ஒண்ணாத்தான் பூரணம். ஒரே பந்தி."

"மெய்யாவா?"

"மெய்யாத்தான்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இல்ல டீச்சர், எங்க வீட்டுக்காரரு புள்ளைய தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்கு அனுப்புன்னு ஒத்தக்கால்ல நிக்காரு. எம்புட்டுப் படிச்சாலும் நம்மள எங்க வைப்பாகளோ அங்கதான் வைப்பாக, என்னத்துக்கு வெட்டிப் படிப்புங்காரு. நாந்தான் மறிச்சு வச்சிருக்கேன். மிஷன் பள்ளிக்கூடத்துல அப்படி இல்லன்னு சொன்னா சிரிக்காரு. இதப் போயிச் சொல்லுதேன். ஒரே பந்தின்னு டீச்சரே சொன்னாகன்னு சொல்லுதேன்."

"தாராளமாகச் சொல்லு."

"அப்பம் நானும் ஏதாச்சும் செஞ்சு குடுத்து விடுதேன்."

"அதெல்லாம் வேண்டாம் பூரணம். உனக்கு எதுக்குச் சிரமம்? வைக்கோல் போதும்."

அவள் சிரித்துக்கொண்டே துடைப்பத்தை எடுத்தாள். நான் தெளிவாகச் சொன்னேன். வேண்டாம் என்று சொன்னேன். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பார்ட்டி அன்று காலையிலேயே வைக்கோல் வந்துவிட்டது. எப்சிபா தலையில் சுமந்துகொண்டு வந்து போட்டாள். குடில் கட்டினோம். மண்ணெண்ணெய்ப் பெட்டியைக் கவிழ்த்து, மணல் பரப்பி, களிமண் ஆடு, களிமண் மாடு. வைக்கோல் வாசனை வகுப்பு முழுக்க நிறைந்திருந்தது. மேசைகளைச் சுவரோடு தள்ளிவிட்டுத் தரையில் நீளமாகப் பாய் விரித்தோம். ஒரே வரிசை. கேட்டுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளை வாசலோரம் உட்காரவைத்தேன். அங்கேதான் காற்று வரும்.

பரீட்சை முடிந்து எல்லாரும் வந்தார்கள். சம்புடங்களும் தூக்குகளும் மேசையில் வரிசையாக இருந்தன. பியூலா முந்திரிக்கொத்து கொண்டுவந்திருந்தாள். அவள் அம்மா கைப்பக்குவம் யாருக்கும் வராது. பாசிப்பருப்பு வறுபட்ட வாசனை, உள்ளே எள், தேங்காய், வெல்லப் பாகு. நான் அங்கேயே ஒன்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். பியூலா, "இன்னொண்ணு எடுத்துக்கோங்க டீச்சர்" என்றாள். எடுத்துக்கொண்டேன். பிள்ளை ஆசையாகக் கொடுக்கும்போது வேண்டாம் என்று சொன்னால் அதன் மனம் என்ன பாடுபடும்?

அப்போதுதான் வராந்தாவில் அந்தச் சத்தம். கிரீச், கிரீச்.

எப்சிபா பரீட்சை முடிந்ததும் வீட்டுப் பக்கம் ஓடியிருக்கிறாள். ரயில்வே கேட் வரைக்கும் ஓடி, அங்கே அம்மா கொண்டுவந்து நின்ற வாளியை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். பெரிய எவர்சில்வர் தூக்குவாளி. புதுசு. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து வந்தாள். மூடியின் விளிம்பில் கருப்பட்டி நிறத்தில் ஒரு கோடு வழிந்திருந்தது. ஏலக்காயும் தேங்காய்ப்பாலும் அவளுக்கு முன்னே உள்ளே வந்துவிட்டன.

"டீச்சர், பாயசம். எல்லாருக்கும் காணும்னு அம்மா சொன்னாக."

பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பியூலா தன் பாவாடையைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டாள். நடுவில் இருந்த ஒரு பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் காதில் ஏதோ சொன்னது. எனக்குக் காது கூர்மை என்று சொன்னேன் அல்லவா, கேட்டுவிட்டது. அதை இங்கே சொல்ல வேண்டாம்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்கிறீர்கள்? மேசையில் வைத்திருந்தால் அந்த நிமிஷமே பத்துப் பிள்ளைகள் எழுந்து வீட்டுக்குப் போயிருக்கும். சாயங்காலம் வாசலில் சண்டை. ராஜரத்தினம் அக்கா சொன்ன புகார். ஒரே பந்தி, ஒரே பந்தி என்று நான் மாதக்கணக்காகக் கட்டியது அவ்வளவும் போயிருக்கும். எப்சிபாவுக்குத்தானே அவமானம்? அந்தப் பிள்ளையை நினைத்துத்தான் செய்தேன்.

"ரொம்ப சந்தோஷம்ட்டி" என்று வாளியை வாங்கினேன். நல்ல கனம். இன்னும் சூடாக இருந்தது. கொண்டுபோய் ஜன்னல் திண்டில், குடிலுக்குப் பின்னால் வைத்தேன். "இனிப்பு கடைசியில்தானே. கடைசியில் பரிமாறலாம்."

அவள் தலையாட்டினாள். போய் வாசலோரம் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

ஜெபம் பண்ணினோம். பாட்டுப் பாடினோம். இலை போட்டோம். புளிச்சோறு, சுண்டல், அப்பளம், முறுக்கு. அப்புறம் முந்திரிக்கொத்து. இனிப்பு கடைசியில் என்று சொன்னேனே என்கிறீர்களா? அது பலகாரம், அது வேறு. எல்லாரும் ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். என் கண் நிறைந்துவிட்டது. உண்மையாகவே சொல்கிறேன், அந்த நிமிஷத்துக்காகத்தான் நான் டீச்சர் ஆனேன் என்று தோன்றியது. வரிசையில் எல்லாத் தலைகளும் இலைமேல் குனிந்திருந்தன. எப்சிபாவின் தலை மட்டும் நிமிர்ந்திருந்தது. அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ராஜரத்தினம் அக்கா வந்து குடிலைப் பார்த்தார்கள். நட்சத்திரத்தைப் பார்த்தார்கள். முள்மரத்தைத் தொட்டுப் பார்த்து, "நேசம், சாதிச்சுட்டே" என்றார்கள். கடைசிப் பாட்டுப் பாடினோம். மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு, டீச்சர் ஹேப்பி கிறிஸ்துமஸ், டீச்சர் ஹேப்பி கிறிஸ்துமஸ் என்று ஓடின. நேரம் அப்படி ஓடிவிட்டது.

எல்லாரும் போன பிறகும் எப்சிபா நின்றாள்.

"டீச்சர், பாயசம்?"

"ஐயோ, மறந்தே போச்சு பாரு. எல்லாருக்கும் வயிறு நிறைஞ்சு போச்சு. நீ வீட்டுக்குக் கொண்டு போ. தம்பி தங்கச்சிகள் குடிக்கும்."

அவள் ஜன்னல் திண்டுக்குப் போனாள். அவளாகவே வாளியை எடுத்தாள். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். மேலே ஆடை படிந்திருந்தது. மூடியில் கொஞ்சம் சாய்த்து ஊற்றி என் முன்னால் நீட்டினாள்.

"நீங்களாவது ஒரு வாய் குடிங்க டீச்சர். அம்மா கேப்பாக."

"எனக்குச் சர்க்கரைம்மா. ஆகாது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். மூடியில் இருந்ததைத் திரும்ப வாளிக்குள் ஊற்றினாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. மூடியை அழுத்தி மூடினாள். "வாரேன் டீச்சர்" என்றாள். ஹேப்பி கிறிஸ்துமஸ் என்று நான்தான் சொன்னேன்.

வராந்தாவில் சத்தம் போயிற்று. கிரீச், கிரீச். வரும்போது கேட்ட அதே சத்தம்.

மறுநாள் என் தங்கை பண்டிகைக்கு வந்து ஸ்டேஷனில் இறங்கினாள். அழைக்கப் போனேன். ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கமே, தண்டவாளத்துச் சரளைக்கல்லில் கருப்பட்டி நிறத்தில் பெரிய கறை. தேங்காய்ப் பல், முந்திரிப் பருப்பு. எறும்பு கறுப்பாக மொய்த்திருந்தது. எவ்வளவு வீண் பாருங்கள். அதில் எத்தனை தேங்காய் பிழிந்திருப்பாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாட்ச்மேனிடமாவது கொடுத்திருப்பேன்.

புது வருஷத்தன்று பூரணம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பின்வாசலில் நின்றாள். அவள் எப்போதும் அங்கேதான் நிற்பாள். நான் நிற்கச் சொன்னதில்லை. நல்ல சேலை கட்டி, பூ வைத்திருந்தாள். அவளைத் துடைப்பம் இல்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"பாயசம் பத்தலையாமே டீச்சர். எல்லாரும் இன்னும் கேட்டாகளாமே. புள்ள வந்து சொன்னா. வீட்டுக்காரர்ட்ட, பாத்தீகளான்னு கேட்டேன். பேச்சு மூச்சு இல்ல. அடுத்த வருசம் பெரிய பானையில வைக்கேன் டீச்சர், நீங்க கவலைப்படாதீக."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. பிள்ளை பொய் சொல்லியிருக்கிறாள். அதுவும் பெற்ற தாயிடம். பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. என்னிடம் படிக்கிற பிள்ளை பொய் சொன்னால் அதை மறைப்பதும் பழக்கமில்லை. இப்போது விட்டுவிட்டால் பிறகு பெரிய பொய்யாக வளராதா? அந்தத் தாயின் நன்மைக்குத்தான் சொன்னேன்.

"இல்லையே பூரணம். வாளியைத் திறக்கவே இல்லை. நேரம் இல்லாமல் போயிற்று."

சிரிப்பு அவள் முகத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாதவள் மாதிரி.

"யாருமே குடிக்கலையா டீச்சர்?"

"நேரம் இல்லை பூரணம்."

"நீங்க?"

"நான் அன்றைக்கு ஓடிக்கொண்டே இருந்தேன். உட்காரக்கூட நேரமில்லை."

"சரி டீச்சர்" என்றாள். பிறகு இன்னொரு தடவை, "சரி" என்றாள். நான் தாளில் மடித்துக் கேக் கொடுத்தேன். வாங்கினாள். அவள் போன பிறகு பார்த்தால் பின்வாசல் சுவரில் அது அப்படியே இருந்தது. மறதி.

பள்ளிக்கூடம் திறந்தபோது எப்சிபா வரவில்லை. ஒரு வாரம் பார்த்தேன். தீப்பெட்டி ஆபீஸ் வேன் விடியற்காலையில் கேட்டண்டை வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். அதில் போகிறாள் என்று வகுப்பில் சொன்னார்கள். நான் போய்ப் பேசிப் பார்க்கலாம் என்று ஒருநாள் புறப்பட்டேன். அது என் கடமை இல்லை, ஆனாலும் புறப்பட்டேன். கேட் போட்டிருந்தது. கூட்ஸ் வண்டி. ஒவ்வொரு பெட்டியும் தடக், தடக் என்று போய்க்கொண்டே இருந்தது. அது போய் முடிவதற்குள் இருட்டிவிடும் போல இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

ஒரு புகாரும் வரவில்லை. அதைச் சொல்ல வேண்டும். சபைப் பத்திரிகையில்கூட எழுதினார்கள், செலவில்லாத கிறிஸ்துமஸ், ஒரே பந்தி என்று. ராஜரத்தினம் அக்கா அதைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். அடுத்த வருஷமும் செய் என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை. யாருக்காகச் செய்தேனோ அவர்களே இப்படிச் செய்தால் வேறு என்ன சொல்வது? ஒரு வார்த்தை என்னிடம் வந்து கேட்டார்களா? நான் படித்துப் படித்துச் சொன்னேனே, சிரமம் வேண்டாம், வைக்கோல் போதும் என்று. நான் எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தாலும் இந்த ஊரில் ஒன்றும் மாறாது. மனிதர்கள் மாற மாட்டார்கள். அதன் பிறகு நான் எந்த வகுப்பிலும் எதுவும் வைக்கவில்லை. பாடம் நடத்தினேன், ஓய்வு பெற்றேன். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் வெளியூரில். கிறிஸ்துமஸ் என்றால் இப்போது வாசலில் ஒரு நட்சத்திரம் தொங்கும். அதுவும் கடை நட்சத்திரம்.

பையைக் கீழே வைத்துக்கொள்ளுங்களேன், மடியில் கனக்கும். கயத்தாறு தாண்டிவிட்டோமா? உங்களுக்கு இங்கேயா இறங்க வேண்டும்? திருநெல்வேலி என்றுதானே டிக்கெட் எடுத்தீர்கள்? முன்னால் காலியாக இருக்கிறதா. சரி, போங்கள். காற்று வரும். இருங்கள், இதை மட்டும் கேட்டுவிட்டுப் போங்கள், முடித்துவிடுகிறேன்.

எனக்கு யார்மீதும் கசப்புக் கிடையாது. அதற்கு ஒன்று சொல்கிறேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் காலையும் எப்சிபாவுக்கு என்று ஒரு துண்டுக் கேக் எடுத்து வைக்கிறேன். பெரிய துண்டாகத்தான். தாளில் மடித்து, வாசலில் நின்று நானே கூப்பிட்டு நீட்டுகிறேன். ஒவ்வொரு வருஷமும் அவள் அந்தப் பொட்டலத்தைப் பார்ப்பாள், பிறகு என் முகத்தைப் பார்ப்பாள். "எனக்குச் சர்க்கரை டீச்சர். ஆகாது" என்பாள். மரியாதையாகத்தான் சொல்வாள். பாவம், அந்த வயதிலேயே அவளுக்கு அந்த நோய் வந்துவிட்டது.

என் வாசலுக்கு அவள் எதற்கு வருகிறாள் என்றா கேட்டீர்கள்? எங்கள் தெருவைக் கூட்டுவது அவள்தான். பூரணம் இறந்த பிறகு அந்த வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள்.